வேதனமும் மறுப்புரிமையும்: பிறநாட்டு விமானியின் ஒப்பந்தம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

1

உழைப்பை விலைக்கு விற்கலாம் என்பதை இன்றைய உலகம் ஏற்றுக்கொண்டுள்ளது. ஆயின் உழைப்போடு சேர்த்து வேறு எவற்றை விற்கலாம், எவற்றை விற்கலாகாது என்னும் வினாவுக்குத் தெளிவான விடை இன்னும் கிடைத்துவிட்டதெனக் கூறுதல் இயலாது. தன் நேரத்தை விற்பவன் தன் மனச்சான்றையும் விற்றவனாவானா? 'இவ்வேலையை இப்பொழுது என்னாற் செய்ய இயலாது' என மறுத்துரைக்கும் உரிமைக்கு விலை உண்டா? வாங்குபவன் மிகக் கூடிய விலை கொடுப்பானாயின் அவ்விற்பனை நீதியானதாகிவிடுமா?

இத்தகைய வினாக்களை ஆராய்வோர் வறிய தொழிலாளியையே பெரும்பாலும் எடுத்துக்காட்டாகக் கொள்வர். தோட்டத் தொழிலாளியும், மத்திய கிழக்கிற்குச் செல்லும் பணிப்பெண்ணும், கட்டட வேலையாளும் நம் கண்முன்னே நிற்பதனால் அது இயல்பானதே. எனினும் வறுமை இடையே புகும்போது பிரச்சினை ஓரளவு மயங்கிவிடுகின்றது. அநீதி குறைந்த கூலியில் இருக்கின்றதா, அன்றி ஒப்பந்தத்தின் அமைப்பிலேயே இருக்கின்றதா எனப் பிரித்தறிதல் கடினமாகின்றது. கூலியை உயர்த்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணமும் எளிதில் எழுகின்றது. ஆதலின் இக்கட்டுரை நன்கு ஊதியம் பெறும் ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்கின்றது. பிறநாட்டு விமானக் கம்பனி ஒன்றில் ஒப்பந்த அடிப்படையிற் பணிபுரியும் விமானியே அவர். அவர்மீது இரக்கங்கொள்ளுமாறு வாசகரை வேண்டுதல் எமது நோக்கமன்று. அவரது ஒப்பந்தத்தை ஆராய்வதன் வாயிலாக, வேதனம் எதனை வாங்கலாம், எதனை வாங்கலாகாது என்பதைத் தெளிவுபடுத்த முயல்வதே நோக்கமாகும்.

2

விமானிகளுக்கென உலகளாவிய சந்தை ஒன்று உருவாகியமைக்கான காரணம் எளிதில் விளங்கக்கூடியது. டுபாயின் எமிரேட்ஸ் 1985 இலும், கட்டார் எயார்வேஸ் 1994 இலும், அபுதாபியின் எதிஹாட் 2003 இலும் பறக்கத் தொடங்கின. அந்நாடுகளின் சொந்தக் குடிமக்கள் தொகையோ மிகச் சிறிது. சீனாவிலும் இந்த நூற்றாண்டின் முதலிரு பத்தாண்டுகளில் விமான சேவை மிக விரைவாக வளர்ந்தது. பணம் இருப்பின் விமானத்தைச் சில ஆண்டுகளிற் பெற்றுவிடலாம். தலைமை விமானியை அவ்வாறு பெறவியலாது. பல்லாயிரம் மணிநேரப் பறப்பும், பல ஆண்டுகள் துணை விமானியாகப் பெற்ற அனுபவமும் அவரை உருவாக்குகின்றன. எனவே வேறொரு நாட்டில், வேறொருவர் செலவிற் பயிற்றப்பட்டவரை அழைத்துக்கொள்வதே விரைவான வழியாயிற்று. ஆட்சேர்ப்பு முகவர்கள் நகரந்தோறும் ஹோட்டல் மண்டபங்களில் நேர்முகத் தேர்வு நடத்தினர். சீனக் கம்பனிகள் சில, தலைமை விமானிக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் அமெரிக்க டொலர் வரை கொடுக்க முன்வந்தன. வளைகுடாக் கம்பனிகள் வரியற்ற சம்பளத்தோடு வீடு, பிள்ளைகளின் பாடசாலைக் கட்டணம், தாயகம் சென்று மீள்வதற்கான பயணச்சீட்டு ஆகியவற்றையும் வழங்கின.

இவ்வசதிகள் யாவும் வேலையோடு பிணைக்கப்பட்டவை என்பது மனங்கொள்ளத்தக்கது. உள்நாட்டில் வேலை இழப்பவன் சம்பளத்தை மட்டுமே இழக்கின்றான். பிறநாட்டு விமானி வேலை இழப்பின் சம்பளத்தோடு வீட்டையும் இழக்கின்றார். பிள்ளைகளின் பாடசாலையையும் இழக்கின்றார். குறுகிய காலத்துள் அந்நாட்டை விட்டு நீங்கவும் வேண்டியவராகின்றார். ஏனெனில் அவர் அங்கு வாழ்வதற்கான அனுமதியே அவ்வேலையின் பேரில் வழங்கப்பட்டதாகும். வளைகுடா நாடுகளிற் கஃபாலா என வழங்கும் பொறுப்பாளர் முறையின் சாரம் இதுவே. கட்டார் 2018 இற் பெரும்பாலான தொழிலாளருக்கு வெளியேறும் அனுமதி முறையையும், 2020 இல் தொழில் மாறுவதற்கு முதலாளியின் இசைவு வேண்டும் என்ற விதியையும் நீக்கிற்று. இவை வரவேற்கத்தக்க மாற்றங்களே. ஆயினும் வேலையும் வதிவுரிமையும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும் நிலை அடியோடு மாறிவிடவில்லை.

'அவர் திறமையுடையவர், ஒரு கம்பனியை விட்டால் இன்னொன்றிற் சேர்ந்துகொள்வார்' எனச் சிலர் கூறலாம். விமானத் தொழிலின் தன்மையை அறிந்தோர் இதனை எளிதில் ஏற்கமாட்டார். முதலாவதாக, விமானியின் தகுதி குறித்த விமான வகைக்கே உரியது. எயார்பஸ் 320 ஓட்டுபவர் வேறு பயிற்சியும் சோதனையும் இன்றிப் போயிங் 777 ஐ ஓட்டல் இயலாது. இரண்டாவதாக, பெரும்பாலான கம்பனிகளிற் பதவியுயர்வு, பறக்கும் தடம், விடுப்பு ஆகியன சேவை மூப்பின்படியே அமைகின்றன. ஓரிடத்திற் பதினைந்து ஆண்டு பணிபுரிந்த தலைமை விமானி இன்னோரிடத்திற் சேரும்போது பட்டியலின் கடைசிப் பெயராகவே சேர்கின்றார். மூன்றாவதாக, பயிற்சிச் செலவை ஈடுசெய்யும்வரை நீங்கலாகாது என்ற பிணைமுறியும் பலவிடங்களில் உண்டு. நான்காவதாக, இத்தொழில் உலகம் முழுவதும் ஒரே காலத்தில் தழைக்கின்றது; ஒரே காலத்தில் வாடுகின்றது. 2020 இற் கொரோனாத் தொற்றுப் பரவியபோது சீனாவிற் பணிபுரிந்த பிறநாட்டு விமானிகளுட் பலர் சம்பளமற்ற விடுப்பில் அனுப்பப்பட்டனர். வளைகுடாக் கம்பனிகளும் பெருந்தொகையானோரை நீக்கின. அவ்வேளையில் அவர்கள் சென்று சேரத்தக்க வேறு கம்பனி எங்கும் இருக்கவில்லை.

3

இவ்வொப்பந்தத்தை நியாயப்படுத்துவோர் கூறும் தலையாய வாதம் சுதந்திர இசைவு பற்றியதாகும். படித்தவர், வயது வந்தவர், நிபந்தனைகளை வாசித்து ஒப்பமிட்டவர், அதற்கு உரிய விலையையும் பெற்றவர். இதில் அநீதி எங்கே என அவர்கள் வினவுவர். இவ்வாதம் வலுவற்றதன்று. விமானியை ஏமாற்றப்பட்ட அப்பாவியாகச் சித்திரிப்பது அவரையே இழிவுபடுத்துவதாகும்.

ஆயினும் இசைவு என்பது ஒப்பமிடும் கணத்தோடு முடிவுறும் ஒன்றா என ஆராய்தல் வேண்டும். ஜோன் ஸ்டூவர்ட் மில் 1859 இல் வெளிவந்த தமது சுதந்திரம் பற்றிய நூலில், ஒருவன் தன்னை அடிமையாக விற்கும் ஒப்பந்தத்தை ஏன் சட்டம் ஏற்கலாகாது என்பதை விளக்குகின்றார். ஒருவனுடைய தெரிவை நாம் மதிப்பது அவனுடைய சுதந்திரத்தை மதிப்பதனாலேயே. எதிர்காலத் தெரிவுகள் அனைத்தையும் ஒழித்துவிடும் தெரிவை அதே சுதந்திரத்தின் பெயரால் நியாயப்படுத்தல் முரணாகும் என்பது அவர் கருத்தின் சாரம். விமானியின் ஒப்பந்தம் அடிமை முறியன்று. அவ்வாறு கூறுவது மிகையாகும். ஆனால் மில் சுட்டிய நெறி இங்கும் ஓரளவு பொருந்துகின்றது. ஒப்பமிட்ட நாளிற் சுதந்திரமாக இருந்தவர் அதன் பின்னர் ஒவ்வொரு நாளும் அதே அளவு சுதந்திரமுடையவராக இருக்கின்றாரா என்பதே வினா. வேலையை விட்டு நீங்குவதன் இழப்பு ஆண்டுதோறும் வளர்ந்து செல்லுமாயின், முதல் நாள் இசைவைக் காட்டிப் பத்தாம் ஆண்டு மௌனத்தை நியாயப்படுத்தல் இயலாது.

இம்மானுவேல் காண்ட் 1785 இல் எழுதிய அறவியல் நூலில், விலையுடையவற்றுக்கும் மாண்புடையவற்றுக்கும் இடையே வேறுபாடு காண்கின்றார். விலையுடைய பொருளுக்குப் பதிலாக அதற்கு ஈடான இன்னொன்றை வைக்கலாம். மாண்புடையதற்கு ஈடு இல்லை. இவ்வேறுபாட்டைக் கொண்டு நோக்குமிடத்து விமானியின் நேரம், திறன், தாயகத்தைப் பிரிந்திருத்தல் ஆகியவற்றுக்கு விலை உண்டு எனலாம். ஆனால் அவரது தொழில்சார்ந்த தீர்ப்புக்கு, அதாவது 'இது தகும், இது தகாது' என உண்மையுரைக்கும் ஆற்றலுக்கு, விலை வைத்தல் இயலுமா? இதற்கு விடை காண்பதற்கு, அத்தீர்ப்பு யாருக்கு உரியது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

4

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து 1944 இற் கைச்சாத்திடப்பட்ட சிக்காகோ உடன்படிக்கையின் அடிப்படையில் இயங்குகின்றது. அதன் இரண்டாம் பின்னிணைப்பின்படி, விமானத்தைப் பொறுப்பேற்ற தலைமை விமானிக்கே அதனைப் பற்றிய இறுதி அதிகாரம் உண்டு. இவ்வதிகாரம் அவருக்கு அளிக்கப்பட்ட சலுகையன்று. விமானத்துள் இருப்போர் தாமாக எதனையும் தீர்மானிக்க இயலாத நிலையில் இருப்பதனாலேயே அவர்கள் சார்பில் ஒருவரிடம் அது ஒப்படைக்கப்பட்டுள்ளது. ஆகவே விமானியின் மறுப்பு அவருடைய சொந்தச் சொத்தன்று. பயணிகள் அவரிடம் வைத்துள்ள அடைக்கலப் பொருள் அது. தம்முடையதல்லாத ஒன்றை விற்க அவருக்கு உரிமையில்லை. அதனை வாங்கக் கம்பனிக்கும் உரிமையில்லை. ஒப்பந்தத்தில் இரு தரப்பாரே ஒப்பமிடுகின்றனர். அதன் விளைவைத் தாங்கும் மூன்றாம் தரப்பாரோ அதனைக் கண்டதுமில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். பிறநாட்டு நகரமொன்றில் வாழும் தலைமை விமானி ஒருவர் பின்னிரவு இரண்டு மணிக்குப் புறப்படல் வேண்டும். முந்திய இரு இரவுகளும் பறந்து திரும்பியவர். பகலில் உறங்க முயன்றும் உறக்கம் வரவில்லை. சட்டப்படி அவருக்குரிய ஓய்வு கொடுக்கப்பட்டுள்ளது. பணி அட்டவணையிற் குற்றமில்லை. எனினும் தாம் பறக்கத்தக்க நிலையில் இல்லை என்பதை அவர் உள்ளம் அறியும். தொலைபேசியை எடுத்து 'இன்று என்னால் இயலாது' எனக் கூறுதல் அவர் கடமை. ஆனால் இம்மாதத்தில் அவ்வாறு கூறுவது இது இரண்டாம் முறையாகும். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுவதற்கு இன்னும் மூன்று மாதமே உண்டு. மூத்த மகள் அடுத்த ஆண்டு பரீட்சை எழுதவேண்டியவள். ஊரிற் கட்டும் வீட்டுக்கு வங்கிக் கடன் எஞ்சியுள்ளது. எவரும் அவருக்கு ஆணையிடவில்லை. எவரும் அவரை அச்சுறுத்தவில்லை. அவர் தொலைபேசியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுச் சீருடையை அணிகின்றார். இச்செயலிற் சட்ட மீறல் எதனையும் எவரும் சுட்டிக்காட்ட இயலாது. ஆயினும் 180 பேர் அறியாதவாறு அவர்களுக்குரிய ஒன்று அங்கே கைமாறிவிட்டது.

களைப்பின் விளைவு கற்பனையன்று. 2010 மே 22ஆம் திகதி அதிகாலை டுபாயிலிருந்து வந்த எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரிலே, மேட்டு நிலத்தில் அமைந்த ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் வீழ்ந்து தீப்பற்றியது. அதிலிருந்த 166 பேரில் 158 பேர் மாண்டனர். தலைமை விமானி பத்தாயிரம் மணிநேரத்துக்கு மேற் பறந்த அனுபவமுடைய பிறநாட்டவர். துணை விமானி இந்தியர். பறப்பின்போது தலைமை விமானி நெடுநேரம் உறங்கியிருந்தார் என்பதை விமானியறை ஒலிப்பதிவிலிருந்து விசாரணை மன்றம் கண்டறிந்தது. உறக்கத்திலிருந்து விழித்தவுடன் அறிவு மந்தமாயிருக்கும் நிலையையும் அது சுட்டிற்று. தரையிறங்குவதைக் கைவிட்டு மேலெழும்படி துணை விமானி மும்முறை கூறியிருந்தார். எனினும் அச்சொல் ஏற்கப்படவில்லை; அவரும் கட்டுப்பாட்டைத் தம் கையில் எடுத்துக்கொள்ளவில்லை.

2016 மார்ச் 19ஆம் திகதி பிளைடுபாய் விமானம் ரஷ்யாவின் ரொஸ்தோவ் நகரில், பெருங்காற்றின் நடுவே, இரண்டாம் முறை தரையிறங்க முயன்று மேலெழும்போது வீழ்ந்து 62 பேர் மாண்டனர். தலைமை விமானி சைப்பிரஸ் நாட்டவர். துணை விமானி ஸ்பானியர். விமானி திசையுணர்வை இழந்தமை முதன்மையாகக் கூறப்பட்டது. ஆறு மணிநேரப் பணியின் பின், உடலின் ஆற்றல் மிகக் குன்றியிருக்கும் இரவு வேளையில் ஏற்பட்ட களைப்பும் துணைக் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டப்பட்டது.

இவ்விபத்துகள் ஒப்பந்த நிபந்தனைகளால் நேர்ந்தவை என நாம் கூறவில்லை. மாண்டோரின் மீது அத்தகைய பழியைச் சுமத்துதல் தகாது. களைத்த உடலும் ஏற்கப்படாத மறுப்பும் எத்தகைய விலையைக் கேட்கும் என்பதையே அவை உணர்த்துகின்றன. மங்களூர் விமானத்திற் பயணஞ்செய்தோருட் பலர் வளைகுடாவில் உழைத்து ஊர் திரும்பியவர்கள் என்பதும் நினைக்கத்தக்கது. பிறநாட்டு ஒப்பந்தத்தில் வாழ்ந்த ஒருவரை நம்பி, பிறநாட்டு ஒப்பந்தத்தில் வாழ்ந்த பலர் அன்று பறந்தனர். சம்பளத்தால் அவர்கள் மிகத் தூரத்தில் இருந்தனர். இருக்கைகளால் மிக அருகில் இருந்தனர்.

5

கம்பனிகள் தரப்பிலும் நியாயம் உண்டு. பெரும் பணம் செலவிட்டு விமானிகளைப் பயிற்றுகின்றோம். ஒழுங்கு இன்றேல் அட்டவணை இயங்காது. களைப்பை அறிவிக்க முறைகள் வைத்துள்ளோம். அறிவித்தோரைத் தண்டிப்பதில்லை என அவை கூறும். சர்வதேச விமானப் போக்குவரத்து நிறுவனமும் 2011 முதற் களைப்பு முகாமை தொடர்பான விதிகளை வகுத்துள்ளது. பொய்யாக நோயெனக் கூறி வேலையைத் தவிர்ப்போரும் இருத்தல் கூடும். இவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்ட பின்னும் ஒரு வினா எஞ்சுகின்றது. மறுப்பை உண்மையா, பொய்யா எனத் தீர்மானிப்பவர் யார்? வேலை, வீடு, வதிவுரிமை ஆகிய மூன்றையும் கையில் வைத்திருப்பவரே அதனையும் தீர்மானிப்பாராயின், அங்கே நடுவர் இல்லை.

தொழிற்சங்கத்தின் அறவியல் முக்கியத்துவம் இவ்விடத்தே புலனாகின்றது. சங்கம் சம்பள உயர்வுக்காக மட்டும் உள்ளதெனக் கருதுவோர், நன்கு ஊதியம் பெறும் விமானிக்கு அது ஏன் எனக் கேட்பர். தனியொருவர் கூறினாற் குற்றமாகத் தோன்றும் மறுப்பைப் பலர் கூடிக் கூறும்போது நியாயமாகக் கேட்கச் செய்வதே அதன் பயன். ஐக்கிய அரபு இராச்சியத்திற் சங்கம் அமைக்கச் சட்டம் இடமளிப்பதில்லை. கட்டாரிலும் பிறநாட்டுத் தொழிலாளருக்கு அவ்வுரிமை இல்லை.

சங்கம் உள்ளவிடத்தும் பாதுகாப்பு முழுமையானதன்று. பிரித்தானியா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்து வந்த விமானிகள் பலரைக் கொண்ட ஹொங்கொங்கின் கத்தே பசிபிக் கம்பனி, பணி அட்டவணை, சம்பளம் ஆகியன தொடர்பான பிணக்கின்போது 2001 ஜூலையில் 49 விமானிகளைக் காரணங் கூறாது நீக்கிற்று. அவர்கள் தொழிற்சங்க நடவடிக்கையின் பொருட்டே நீக்கப்பட்டனர் என முதனிலை நீதிமன்றம் 2009 இற் கண்டது. வழக்கு இறுதி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் 2012 இலேயே முடிவுற்றது. நீதிமன்றமும் சங்கமும் உள்ள ஒரு நகரில் நியாயம் கேட்கப் பதினொரு ஆண்டு தேவைப்பட்டதாயின், இரண்டும் கைக்கு எட்டாத இடங்களில் மறுப்பின் விலை எவ்வளவு என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

மறுப்பை அடக்கினால் அது மறைந்துவிடுவதில்லை, வேறிடத்தில் வெளிப்படும். 2008 மார்ச் இறுதியிற் சீனாவின் யுன்னான் மாகாணத்திலிருந்து புறப்பட்ட இருபது வரையிலான சைனா ஈஸ்ற்றேண் விமானங்கள், செல்லவேண்டிய இடத்திற் பயணிகளை இறக்காமலே புறப்பட்ட இடத்திற்குத் திரும்பின. அவ்விமானிகள் உள்நாட்டவரே. நீண்டகாலப் பிணைமுறிகளும் சம்பளமும் பற்றிய அவர்களது மனக்குறைக்கு வேறு வாயில் இருக்கவில்லை. அச்செயலை நாம் சரியெனக் கொள்ளோம். பயணிகளின் அடைக்கலப் பொருளை அவர்களும் தமக்கெனப் பயன்படுத்தினர். ஆனால் தரையிற் பேச இடமில்லாதவன் வானத்திற் பேசுவான் என்பதற்கு அது சான்று.

6

இதுகாறும் கூறியவற்றால் விமானியின் பொறுப்பு நீங்கிவிட்டதாகக் கொள்ளலாகாது. மறுப்புக்கு விலை அதிகம் என்பது மறுக்காமைக்கு விளக்கமாகலாம், மன்னிப்பாகாது. கடமையைச் செய்வது எளிதாயிருக்கும்போது மட்டுமே அது கடமை எனின், அறம் என்ற சொல்லுக்குப் பொருளில்லை. ஆயினும் ஒவ்வோர் இரவும் வீரனாக இருக்குமாறு ஒருவனை வேண்டும் ஏற்பாட்டை அமைத்தவர்களும் அவனோடு சேர்ந்தே குற்றவாளிகளாவர். நல்ல நிறுவனம் என்பது சாதாரண மனிதன் சாதாரணத் துணிவோடு உண்மை பேசக்கூடிய இடமாகும்.

அவ்வாறாயின் நியாயமான ஒப்பந்தம் எத்தகையது? வேலை நீங்கினும் வேறு வேலை தேடுவதற்குப் போதிய காலம் அந்நாட்டில் வாழும் உரிமையை அது விமானிக்கு அளித்தல் வேண்டும். களைப்பினால் மறுத்தவரின் கூற்றைக் கம்பனியல்லாத ஒருவர் ஆராய்தல் வேண்டும். பயிற்சிக் கடன் காலத்தோடு குறைந்து செல்வதாய் அமைதல் வேண்டும். சேர்ந்து பேசும் உரிமை இருத்தல் வேண்டும். இவற்றுட் சம்பள உயர்வு எதுவும் இல்லை என்பதைக் கவனித்தல் தகும். குறைவாயிருப்பது வேதனமன்று.

இப்பிரச்சினை நம்மிடமிருந்து தொலைவில் உள்ளதன்று. 2022 இற் பொருளாதார நெருக்கடி ஏற்பட்டபின் நமது தேசிய விமான சேவையிலிருந்து விமானிகள் பலர் வளைகுடாவுக்கும் பிறவிடங்களுக்கும் சென்றனர். அவர்களோடு வைத்தியர்களும் பொறியியலாளர்களும் விரிவுரையாளர்களும் சென்றனர். புலம்பெயர் தொழிலாளரின் உரிமைகள் பற்றி ஐக்கிய நாடுகள் சபை 1990 இல் நிறைவேற்றிய சமவாயத்தை இலங்கை 1996 இல் ஏற்றுக்கொண்டது. நம்மவர் செல்லும் வளைகுடா நாடுகளில் ஒன்றேனும் அதனை ஏற்கவில்லை. ஆதலின் சட்டம் காக்கும் என்ற நம்பிக்கையோடு மட்டும் எவரும் செல்லல் இயலாது.

இப்பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கும் மாணவருட் பலரும் ஒருநாள் இத்தகைய ஒப்பந்தமொன்றில் ஒப்பமிட நேரலாம். நோயாளியின் உயிரையோ, பாலத்தின் உறுதியையோ, மாணவனின் பெறுபேற்றையோ பற்றிய தீர்ப்பு அவர்கள் கையிலும் இருக்கும். அவ்வேளையிற் சம்பளம் எவ்வளவு, வீடு உண்டா, விடுப்பு எத்தனை நாள் என அவர்கள் வினவுவர், வினவுதல் முறையே. அவற்றோடு இன்னொன்றையும் வினவுதல் நன்று: என்னை நம்பியிருப்போர் பொருட்டு நான் 'இயலாது' எனக் கூறவேண்டிய நாள் வருமாயின், அன்று மாலை எனக்கும் என் பிள்ளைகளுக்கும் என்ன நேரும்? அவ்வினாவுக்கு விடை கூறாத ஒப்பந்தம், அதில் எழுதப்பட்ட தொகை எவ்வளவு பெரிதாயினும், குறைவுடையதே.